என் கடையில் பிடி கிடையாது

நான் அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன். ஆனால் ராயபுரத்தில் கேம் கடை வைத்து இத்தனை காலம் நின்றவன் என்னைத் தவிர யார், சொல்லுங்கள். பக்கத்தில் திறந்ததெல்லாம் செல்போன் கடையாகவும் பிரியாணிக் கடையாகவும் மாறிவிட்டன. என் கடையில் இன்றைக்கும் சாயங்காலம் உட்கார இடம் கிடைக்காது.

சண்டை கேமில்தான் எங்களுக்குப் பேர். திரையில் இரண்டு ஆள். அடிக்கலாம், உதைக்கலாம், தடுக்கலாம். கிட்டே போய் எதிராளியைப் பிடித்துத் தூக்கியும் போடலாம். அந்தப் பிடியை மட்டும் என் கடையில் தடை செய்தேன். தடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைத் தூக்கிப் போட்டால் அவனுக்கு ரோசம் வருகிறது, திரைச் சண்டை பெஞ்சுக்கு இறங்கிவிடுகிறது. வருகிறவர்களோ ஹார்பரில் மூட்டை தூக்கிய கைகள். "பிடி போட்டால் எழுந்து போ" என்று ஒரே சட்டம். அன்றோடு காலர் கிழிவது நின்றது.

பிடி இல்லாததால் எங்கள் ஆட்கள் இடைவெளி பார்த்து ஆடுவதில் புலியானார்கள். அதில் முதல் புலி நான்தான். கடை வைப்பதற்கு முன் நானும் ஹார்பரில் இருந்தவன். அங்கே கிரேன் கொக்கி ஆடி வரும்போது தூர ஓடுகிறவன் வேலைக்கு ஆகமாட்டான்; கிட்டே நிற்கிறவன் வீடு போய்ச் சேரமாட்டான். கொக்கி மூக்குக்கு முன்னால் காற்றை வீசிவிட்டுத் திரும்பும். அப்போது உள்ளே போய்ச் சங்கிலியை மாட்ட வேண்டும். கேமும் அதேதான். எதிராளியின் கால் எட்டும் இடத்துக்கு மயிரிழை வெளியே நின்றேன் என்றால், அவன் உதை வீணாகி, கால் திரும்புவதற்குள் என் அடி விழுந்திருக்கும்.

கடையில் என்னை ஜெயிக்கிற ஒரே ஆள் என் மகள். கப்பல் சரக்கு ஏஜென்சியில் வேலை பார்க்கிறாள். ஒரு ஷாப்பிங் மாலில் இந்த கேமுக்குப் போட்டி வைத்தார்கள். ஜெயிப்பவர்களுக்கு பெங்களூரில் ஆட இடம். லீவு போட்டுவிட்டு வந்தாள். நானும் கூடப் போய் அவள் பின்னால் நின்றுகொண்டேன்.

முதல் ஆட்டத்திலேயே எதிரே மாதவரத்துக்காரர், பால் வண்டி ஓட்டுகிறவர். மூன்று சுற்றில் இரண்டை எடுப்பவருக்கு ஆட்டம்; தோற்றால் அத்தோடு வீட்டுக்கு.

வெளியே நின்று அவரால் இவளைத் தொட முடியவில்லை. உடனே நடந்து கிட்டே வந்துவிட்டார். இவள் குனிந்து தடுத்தாள். எங்கள் கடையில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. அவர் பிடித்துத் தூக்கிப் போட்டார். எழுந்தாள், தடுத்தாள், மறுபடி தூக்கிப் போட்டார். முதல் சுற்று போயே போச்சு.

"இன்னாப்பா இது கலீஜு ஆட்டம்! பிடி போடாம ஆடுப்பா!" என்று கத்திவிட்டேன்.

பின்னாலிருந்து ஒருத்தன், "பெருசு, இது இன்னா உங்க வூட்டு ஹாலா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

மகள் திரும்பினாள். "நைனா, நானும் புடிக்கட்டா?"

"வேணாம் கண்ணு. அது கோழை ஆட்டம்."

"இல்ல நைனா. நான் தடுத்துகினே குந்திகினு இருப்பேன்னு அவருக்குத் தெரிஞ்சிபோச்சு. தடுத்துகினே கீறவங்கள வேற எப்டி தொறக்கறது? அதுக்குத்தான் அந்தப் பிடியே கீது."

என் சட்டம் சரிதான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் பிடி இல்லாத இடத்தில் தடுப்பு ஒரு சுவர். அதன் பின்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். பிடி இருக்கிற இடத்தில் அதே தடுப்பு ஒரு சூதாட்டம். அடிக்க வருகிறானா, பிடிக்க வருகிறானா என்று ஒவ்வொரு தடவையும் எதிராளியின் மனசைப் படிக்க வேண்டும். கிட்டத்தில் நடக்கிற ஆட்டம் மொத்தத்தையும் எங்கள் கடையில் யாரும் பார்த்ததே இல்லை. நானும்தான்.

"புடி" என்றேன்.

இரண்டாவது சுற்றில் அவரை வெளியே நிறுத்தி உதைத்தாள். அவர் தடுக்கத் தொடங்கியதும் நடந்து போய்த் தூக்கிப் போட்டாள். சுற்று அவளுக்கு. மூன்றாவதில் அதே ருசியில் உள்ளே போனாள். அவர் காத்திருந்தார். அவள் பிடி அவர் மேல் நிற்கவே இல்லை, உதறிவிட்டார். ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் ஒரே தூக்கு. அவருக்கும் நூலளவு உயிர்தான் மிச்சம் இருந்தது. பெங்களூர் போச்சு.

அழுவாள் என்று நினைத்தேன். அவளோ அவர் பக்கம் நாற்காலியை இழுத்தாள். "அண்ணே, அதுலேர்ந்து எப்டி கழண்டு வர்றது?"

"நான் புடிக்கிறப்போ நீயும் புடிக்கணும்மா, அதே நேரத்துல. இது தெரியாமயா இம்மாந்தூரம் வந்த?"

"எங்க கடைல யாரும் புடிக்க மாட்டாங்க."

"அப்டி ஒரு கடையா!" என்று வாயைப் பிளந்தார்.

ஓரமாக, பழகுவதற்கு ஒரு டிவி வைத்திருந்தார்கள். அதில் அவர் தூக்கித் தூக்கிப் போட்டார். இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசியில் கழண்டும் வந்தாள். "நீங்களும் வாங்க நைனா" என்று அவர் என்னையும் கூப்பிட்டார். உட்கார்ந்தேன். அத்தனை ஜனம் பார்க்க என்னைத் துணி துவைக்கிற மாதிரி போட்டு அடித்தார்.

ஆனால் ஒன்று. அவர் கால் ஒரு தடவைகூட என் மேல் படவில்லை. கிட்டே வந்து தூக்கித்தான் போட முடிந்தது.