முன் பெஞ்சில் ஒரு பீரங்கிக்காரர்

ஊனமுற்ற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒலிபெருக்கி கிடையாது. வாசலில் நின்று டோக்கன் எண் கூப்பிடும் ஊழியருக்கே 'மைக்' என்று பெயர். இடது கையைப் போர்முனையில் விட்டுவிட்டு, குரலை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்தவர். அவர் கூப்பிட்டால் எதிர்ச்சாரி மருந்துக்கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார். அதில் மைக்குக்குக் கொஞ்சம் பெருமை.

மூன்று தரம் கூப்பிடுவார். ஆள் வராவிட்டால் 'வரவில்லை' என்று குறித்து அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுவார்.

பழைய பீரங்கிப் படைக்காரர் ஒருவர் இரண்டு மாதமாக முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். முதுகு சாயாது. அலுவலகம் பூட்டும்போதுதான் எழுந்து போவார்.

"பெருசு வீட்ல ஃபேன் ரிப்பேர் போல. காத்து வாங்க வர்றாரு!" என்றார் மைக். பெஞ்சே சிரித்தது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று பெரியவரும் சிரித்தார்.

இந்த மாதம் மகளும் கூட வந்தாள். மைக் மூன்றாவது தரம் கத்திவிட்டுப் பேனாவை எடுக்க, தண்ணீர் பிடிக்கப் போயிருந்தவள் ஓடிவந்தாள்.

"அண்ணே, அது எங்கப்பா நம்பர்! இதோ உக்காந்திருக்காரே!"

"அப்ப எந்திரிச்சு வரணும்ல? தொண்டை கிழியக் கத்துறேன்!"

"காது மெஷின் வாங்க வந்தவரைக் காது கேக்கலையான்னு திட்டுறீங்களே! ரெண்டு மாசமா என்னைக் கூப்பிடவே இல்லன்னு வீட்ல வந்து சொல்றாரு."

"ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கலாமே?"

"உத்தரவு வராம அவர் எந்திரிக்க மாட்டாருண்ணே. உங்களுக்குத் தெரியாததா?"

பெஞ்சு மறுபடி சிரித்தது. மைக்குக்கு முகம் செத்துவிட்டது. பெரியவரின் முழங்கையைப் பிடித்து, தானே உள்ளே அழைத்துப் போனார்.

திரும்பி வந்து எண்களைக் கூப்பிட்டபோது குரல் பாதிதான் எழும்பியது. இத்தனை வருஷத்தில் இன்னும் எத்தனை பேரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே 'வரவில்லை' என்று எழுதினோமோ?

பெரியவர் காதில் கருவியோடு வெளியே வந்தார்.

"உள்ள வரைக்கும் உங்க குரல் கேக்குது தம்பி. முன்னாடியும் என்னைக் கூப்பிட்டீங்களா?"

கூப்பிட மறந்துபோய்விட்டேன் என்ற பொய் மைக்குக்கு நாக்கு நுனி வரை வந்தது.

"கூப்பிட்டேன்யா."

"அப்ப தப்பு என் மேலதான். மன்னிச்சுக்குங்க." விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார்.

பதில் சல்யூட் வைக்க மைக்குக்கு வலது கை இருந்தது. அது எழவில்லை.

அடுத்த எண்ணுக்கு வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். எண் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முகத்துக்கு முன்னாலும் குனிந்து காட்டியபடி பெஞ்சு பெஞ்சாக நடந்தார்.