சந்தனம் பூசாத மொட்டை

எங்கள் வீட்டில் டை என்றால் அது பாட்டிலில் வருவது, ஆண்கள் மீசைக்குப் பூசிக்கொள்வது. பொட்டலத்தில், மேலே இலைப்படம் போட்டு வருவது மருதாணி. பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் சரஞ்சரமாகத் தொங்கும் கறுப்பு மருதாணிப் பொட்டலத்தை வாங்கி, அம்மாவும் நானும் மாதம் தவறாமல் தலையில் அப்பிக்கொண்டிருந்தோம். இலைப்பொடிதானே, குளிர்ச்சி, தலைக்கு நல்லது என்று நம்பினோம். அரை மணி நேரத்தில் நரையெல்லாம் கன்னங்கரேலென்று ஆகிறதே, அது எந்த ஊர் இலை என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை.

அதனால்தான், தம்பியின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் முடியை நேராக்கும் ரீபாண்டிங் செய்யப் போன சலூனில், என் தலையைக் கோதிப் பார்த்த சீனப் பெண் "பெர்னா டை ரம்புத்?" என்று கேட்டபோது, "தாக் பெர்னா" என்று அடித்துச் சொன்னேன். முடிக்கு டை அடித்ததுண்டா என்பது அவள் கேள்வி. அடித்ததே இல்லை என்பது என் பதில். இனாய் போட்டதுண்டா என்று மருதாணிக்குரிய மலாய் வார்த்தையைச் சொல்லிக் கேட்டிருந்தால் உடனே ஆமாம் என்றிருப்பேன். அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை, எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

ரீபாண்டிங் எனக்குப் புதிதில்லை. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த வருடத்திலிருந்து செய்துகொள்கிறேன். முதல் கிரீம் முடியை இளக்கும், சூடான இஸ்திரிக் கம்பி நீட்டிவிடும், இரண்டாவது கிரீம் அதை அப்படியே நிறுத்தும். அன்றைக்கு இரண்டாவது கிரீம் பூசிய கொஞ்ச நேரத்தில் உச்சந்தலை சுட ஆரம்பித்தது. "பானாஸ்" என்றேன். சூடு வழக்கம்தான் என்று கையை ஆட்டிவிட்டு அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதுக்குப் பின்னால் எரிந்தபோது நான் போட்ட சத்தத்தில் அடுத்த நாற்காலியில் இருந்தவரே எழுந்துவிட்டார். ஓடி வந்து தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். கழுவக் கழுவ முடி கையோடு வந்தது. வராதது, ஊறவைத்த மீஹூன் சேமியா போல இழுத்த இழுப்புக்கு நீண்டு அறுந்தது.

கடை முதலாளி வந்து, ஒரு ஹேர் மாஸ்க் இலவசமாகப் போட்டுவிடுகிறேன் என்றார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். எந்த முடிக்குப் போடப்போகிறீர்கள், கீழே கிடப்பதற்கா, மேலே தொங்குவதற்கா என்று மூன்று மொழியிலும் கேட்டுவிட்டு, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் அழுகை வந்தது.

நிச்சயதார்த்தத்துக்கு நான் போகவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று அம்மா சொல்லிவிட்டார்.

கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோல் டாக்டர் இருக்கிறார். காதுக்குப் பின்னால் இருந்த கொப்புளங்களைப் பார்த்தவர், என்னென்ன தலையில் வைப்பீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பொட்டலத்தின் பெயரைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "அதுல இருக்கற உலோக உப்பும் சலூன் மருந்தும் சேர்ந்தா சூடாகும். கொஞ்சம் முடியில போட்டு டெஸ்ட் பண்ணியிருந்தாலே தெரிஞ்சிருக்கும்" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "தொங்கறது செத்த முடி. என்ன எண்ணெய் ஊத்துனாலும் உயிர் வராது. வேர் நல்லாருக்கு, வளரும். அதுவரைக்கும் எண்ணெய், வெங்காயச் சாறு, சந்தனம், ஒண்ணும் வைக்கக் கூடாது ஆன்டி" என்றார். அம்மா அதற்குள் இரண்டு நாளாக வெங்காயச் சாறு வைத்துக்கொண்டிருந்தார்.

மிச்சத்தை மழித்துவிடுவதே நல்லது என்றுதான் எனக்கும் பட்டது. தைப்பூச வாரம் வரை காத்திருந்தேன். அந்த வாரம் பிரிக்பீல்ட்ஸில் எங்கு பார்த்தாலும் மொட்டைத் தலைதான். என் அலுவலகமும் அங்கேதான். கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடலாம் என்பது என் கணக்கு. தம்பி தன் தாடி மெஷினைக் கொண்டுவந்து, குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தான்.

"சின்னப் பிள்ளையில என் தலைய எலி கடிச்ச மாதிரி வெட்டி விட்டல்ல கா? இன்னைக்கு மாட்டுன" என்றான்.

சிரிக்கவைக்கப் பார்த்தான். எனக்குத்தான் கண்ணீர் நிற்கவில்லை. அப்பா இறந்த பிறகு அவனுக்குச் சோறு ஊட்டி, ஸ்கூல் பஸ் ஏற்றிவிட்டதெல்லாம் நான். அவன் என் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பான் என்று நினைத்ததில்லை. அவன் பார்க்காதது போல மெஷினைத் தட்டித் தட்டிச் சுத்தம் செய்தான்.

வெளியே வந்ததும் அம்மா கிண்ணத்தில் சந்தனம் கரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று கத்தினேன்.

"டாக்டருக்கு என்ன தெரியும்? சந்தனம் பூசுனா வேண்டுதல். பூசலன்னா வியாதி. ஊரு அப்படித்தான் பார்க்கும்" என்றார் அம்மா.

நான் பூசாமலே வேலைக்குப் போனேன். அம்மா சொன்னது அச்சுப் பிசகாமல் நடந்தது. லிஃப்டில் என்னைப் பார்த்த சீனத் தோழி கட்டிக்கொண்டு, எந்த மருத்துவமனை என்று காதோடு கேட்டாள். வாசலில் இருந்த தமிழ் காவலாளி மட்டும், "என்னக்கா, பத்துமலை முருகனுக்கா?" என்றார். "இல்லண்ணே, சலூன்ல போச்சு" என்று உள்ளதைச் சொன்னேன். "சலூனுக்கா காணிக்கை குடுத்தீங்க? நல்ல ஜோக்கு லா" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வீட்டுக்குள் நடந்தது. வைகாசியில் தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும், பெண்ணுக்குப் பின்னால் நின்று மற்ற இரண்டு முடிச்சுகளையும் போடுவது நாத்தனார். நான் அவனுக்கு ஒரே அக்கா. கல்யாணத்தில் எனக்கென்று இருந்த வேலையே அதுதான். அதை நான் எவ்வளவு ஆசையாக எதிர்பார்த்தேன் என்பது, அம்மா வாயைத் திறந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

"டோப்பா வச்சிக்க. இல்லன்னா உன் பெரியப்பா மக போடட்டும். அதுக்குள்ள எவ்வளவு வளந்துடும்? மணமேடையில மொட்டைத் தலையோட பின்னால நின்னா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

டோப்பா வைத்தால் தலை மறுபடியும் புண்ணாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரியப்பா மகள் போட்டால் நான் மண்டபத்துக்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அம்மாவும் நானும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. தம்பிதான் இரண்டு பக்கமும் தூது போய் இளைத்தான்.

அந்தச் சண்டை தீர்ந்த விதம்தான் விநோதம். கூறைச் சேலை எடுக்கப் பிரிக்பீல்ட்ஸுக்குப் பெண்வீட்டார் காஜாங்கிலிருந்து வந்தார்கள். நான் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு போனேன். பெண்ணின் அம்மா, அதாவது எங்கள் சம்பந்தி, நான் ஆன்டி என்று கூப்பிடுபவர், சேலைக் கடையில் எல்லார் முன்னாலும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு முடி குடுத்தியாமே மா. இந்தக் காலத்துல யாரு செய்வா? நாத்தனார் முடிச்சு நீதான் போடணும். டோப்பா எல்லாம் வேணாம்" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஒரு சேலைக் கரையை உலகத்திலேயே இல்லாத கரை போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்டிக்கு வயது அறுபதை ஒட்டியிருக்கும். இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல், கைக்கு அடங்காத கனம். பேசும்போது அதை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு தடவிக்கொண்டே பேசுவார். அவர் பக்கத்தில் நிற்கவே எனக்குக் கூசியது.

கல்யாணப் பெண் ஒரு நர்ஸ். அம்மாக்கள் விலை பேசப் போனதும், என் தலைத்துணியை லேசாக விலக்கிப் பார்த்தாள். "அக்கா, காதுக்குப் பின்னால கொப்புளம் வந்துச்சா? இது மருந்து பட்ட மாதிரி இருக்கே?"

"சலூன்ல" என்றேன். அவள் "ம்" என்றாள். துணியைச் சரிசெய்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "முருகன் பேர்ல பொய் சொல்லலாமா?"

"முருகன் கோவிச்சுக்க மாட்டாரு. சம்பந்திதான் கோவிச்சுக்குவாங்க. உனக்கு முடிச்சு வேணுமா வேணாமா? அப்போ கல்யாணம் முடியற வரைக்கும் வாயத் தொறக்காத" என்றார் அம்மா.

முடிச்சு வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டேன், ஆனால் அது தொண்டையில் சிக்கிய மீன் முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. கொடுக்காத காணிக்கைக்குக் கிடைத்த மரியாதை அது.

இதற்கிடையில் தலை தன் வேலையைப் பார்த்தது. முதலில் கையில் மட்டும் தெரியும் சொரசொரப்பு. பிறகு துணி துவைக்கிற பிரஷ். அரிப்பு என்றால் அப்படி ஒரு அரிப்பு, அலுவலகக் கூட்டங்களில் பேனாவை வைத்துச் சொறிந்துகொண்டிருப்பேன். காதுக்கு மேலே வந்ததெல்லாம் வெள்ளை. பொட்டலம் இத்தனை வருடம் எதை மறைத்துக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. ஓர் அங்குலம் வளர்ந்ததும் முடி நேராக நிற்காமல் சுருள ஆரம்பித்தது. எனக்குச் சுருட்டை முடி என்பதே மறந்துபோயிருந்தது. பதினேழு வயதிலிருந்து அதை நான் வளரவே விட்டதில்லை. ரயில் கண்ணாடியில் தெரிகிற சுருட்டைத் தலைக்காரி யாரோ என்று ஒருநாள் பார்த்துவிட்டு, நான்தான் என்று தெரிந்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. அம்மா ஒரு காலையில் காப்பியைக் கொடுத்துவிட்டு நின்று பார்த்தார். "அப்படியே உங்கப்பா தலை. சீப்பு உடையும்" என்று சலித்துக்கொண்டே போனார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

ஆன்டியைப் பார்க்கும்போதுதான் சந்தோஷம் கெட்டுப்போகும். அழைப்பிதழ் பார்க்க, ரவிக்கை அளவு கொடுக்க என்று அடிக்கடி சந்திக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும், "தொட்டுப் பார்க்கட்டுமா மா?" என்பார். தொட்டுவிட்டு, போன தடவையைவிட நல்லா வந்திருக்கா, வலிக்குதா, வெள்ளை அதிகமா வருதா, உச்சியில அடர்த்தியா இருக்கா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். காணிக்கை கொடுத்த தலை என்று பக்தியில் தொடுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கை பட்டாலே எனக்கு உடம்பு குறுகும். கல்யாணத்தன்று, முடிச்சுப் போடுவதற்கு முன்பு உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். கோபப்பட்டு வேண்டாம் என்றால் விட்டுவிடுவது. திருட்டு மரியாதையோடு அந்தத் தாலியைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

கிள்ளானில் கல்யாண மண்டபம். நான் தலையில் துணி கட்டாமல், காதோரம் ஒரு ரோஜாவைக் குத்திக்கொண்டு, பெண் அறைக்குப் போனேன். கதவைத் திறந்தவர் ஆன்டி. பட்டுச் சேலை, கழுத்து நிறைய நகை, மொட்டைத் தலை. மேலே சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

அம்மா சொன்ன பொய்யை நம்பி அந்தப் பின்னலைக் கொடுத்துவிட்டார் என்றுதான் தோன்றியது. "ஆன்டி, நான் பத்துமலைக்குப் போகவே இல்ல. எனக்கு சலூன்ல போச்சு. அம்மா சொன்னது பொய்" என்று வாசலிலேயே கொட்டிவிட்டேன்.

"மெதுவா பேசு மா. தெரியும். சேலை எடுத்த அன்னைக்கே இவ கார்ல சொல்லிட்டா" என்று அலங்காரத்தில் இருந்த மகளைக் காட்டினார்.

என்னை உள்ளே இழுத்து உட்காரவைத்தார். மகளுக்குப் பன்னிரண்டு வயதில் டெங்கிக் காய்ச்சல் வந்து பிழைப்பாளா என்று இருந்தபோது, பிழைத்தால் முடி கொடுக்கிறேன் என்று முருகனிடம் வேண்டியிருக்கிறார். மகள் பிழைத்துவிட்டாள். இவர் கொடுக்கவில்லை.

"ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னே ஓட்டிட்டேன் மா. இந்த வயசுல மழிச்சா திரும்ப வராதுன்னு பயம். என்கிட்ட அழகுன்னு இருந்தது அது ஒண்ணுதான். அப்பறம் உன் தலையப் பார்த்தேன். வெந்து போன தலை. அதுலயே வருதே, மாசா மாசம் வருதேன்னு பார்த்தேன். அப்பறம்தான் தைரியம் வந்துச்சு. முந்தாநாள் போய்க் குடுத்துட்டு வந்துட்டேன். என் வீட்டுக்காரர் ரெண்டு நாளா பேசல."

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அவர் கை தோளுக்கு முன்னால் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது. "எனக்கும் வருமா மா?" என்று கேட்டார்.

அறுபது வயதுத் தலையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? "வரும் ஆன்டி. வெள்ளையா வரும். பயங்கரமா அரிக்கும். ஆனா வரும்" என்றேன்.

"நேத்து குளிச்சிட்டு வந்து சீப்பத் தேடுனேன் மா" என்றார்.

"நானும் தேடியிருக்கேன்" என்றேன். இருவரும் அழுதுவிட்டோம். பெண்ணின் அலங்காரம் கலைந்துவிடும், அவளை அழவிடாதீர்கள் என்று அலங்காரக்காரி எங்கள் மேல் எரிந்து விழுந்தாள்.

வெளியே தம்பி மணமேடையில் உட்கார்ந்துவிட்டான். நாத்தனார் எங்கே என்று அம்மா கத்துவது கேட்டது. ஆன்டி முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"போ மா. என் பொண்ணுக்கு முடிச்சு நல்லா இறுக்கிப் போடு" என்றார்.