மேல் பிரிவுக்குப் போக மறுத்த குமரேசன்

குமரேசன் இறந்துவிட்டார் என்று என் மகன் செந்தில் போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. "யாரு சொன்னது? நீ பார்த்தியா?" என்று கேட்டேன். வெண்ணந்தூரில் அவர் வீட்டு வாசலில் பந்தல் போடுவதைக் கண்ட பிறகுதான் நம்பினேன். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் ஊர்முறையில் எனக்கு மாப்பிள்ளை, எங்கள் ஊர் பெயின்ட்பால் அணியின் கேப்டன். காற்றுத் துப்பாக்கியால் சாய உருண்டைகளைச் சுடும் ஆட்டம் அது. சாயம் பட்டவர் வெளியேற வேண்டும். அயோத்தியாப்பட்டணம் தாண்டி வலை கட்டிய மைதானத்தில் அவர் இதைத் தொடங்கியபோது சிரித்தவர்களில் நானும் ஒருவன். செந்தில் சேர்ந்த பிறகு ஓர் ஆட்டத்தையும் நான் விட்டதில்லை. விதிகளை யாரிடமும் கேட்கவில்லை, பார்த்தே கற்றேன்.

அமெச்சூர் பிரிவில் கோப்பைகள் குவிந்தன. புரொஃபஷனல் பிரிவுக்கு வரும்படி பெங்களூரிலிருந்து அழைப்பு வந்தது. குமரேசன் மறுத்துவிட்டார். என் மகன் பெரிய பிரிவில் ஆடுவதைப் பார்க்கக் காத்திருந்தவன் நான். அதே வாரம் அஸ்தம்பட்டி டீக்கடையில் எதிரணி மேனேஜரோடு அவர் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன். விடுவேனா?

"ஏன் மாப்ளே, எங்களை எதுக்கு வித்தே?"

"ஒரு டீக்குத்தானுங்க மாமா. அதுலயும் சக்கரை போட மறந்துட்டான்."

"மழுப்பாதே. எளச்சவனை அடிச்சுக் கோப்பை வாங்குற சொகம் உனக்கு."

அவர் முகம் மாறியது. "மேல போனா மொதல்லயே பேரு குடுத்த ஆளுங்கதான் வருசம் பூரா ஆடோணும். நம்ம பசங்க பாதிப்பேரு ரிக்கு வண்டியில இருக்கறானுங்க. மழைக்கு ஊடு வாரவனை வேலிக்கு வெளிய நிறுத்தச் சொல்றீங்களா?"

ரிக்கு வண்டியோடு போய் வடமாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு போடும் எங்கள் பிள்ளைகள் மழைக்காலத்தில்தான் திரும்புவார்கள். வந்தவன், வந்த பிறகு நடக்கும் முதல் ஆட்டத்தில் இறங்கியே ஆக வேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம். நல்ல பேச்சுதான். ஆனால் மேலே போனால் கேப்டன் பதவி போய்விடும் என்ற பயமாகவும் இருக்கலாம் என்று நினைத்தேன்.

பிறகு செந்திலே ரிக்கு வண்டியில் போனான். அடுத்த மழைக்கு, பயிற்சி விட்டுப்போன கையோடு திரும்பினான். அன்று இறுதிப் போட்டி. குமரேசன் தாமே விலகி அவனை இறக்கினார். அவன் உள்ளே போனதும் சாயம் பட்டு வெளியே வந்தான். அணி தோற்றது.

"தோத்தது உன்னாலதான்!" என்று கத்தினேன்.

"ஆமாங்க மாமா" என்றார். எனக்கு வாய்ப்பூட்டு போடத்தான் என் மகனை இறக்கினாரோ என்ற ஐயம் இன்றும் உண்டு.

காரியம் முடிந்த அன்று அணியினரிடம் சொன்னேன்: "மறுபடியும் கூப்புட்டிருக்கறாங்களாம். இனி தடுக்க ஆளில்லை. மேல போங்கடா."

செந்தில் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "போகலீங்கப்பா. பசங்க ரிக்குல இருக்கறாங்க."

"அது அவன் வெச்ச சட்டம். அவனே போயிட்டான்."

"நான் வந்தப்ப அந்தச் சட்டம் இருந்துச்சுங்களே, அப்பா."

அந்த ஞாயிறு மைதானத்துக்குப் போனேன். சாவுக்கு வந்து சேர முடியாத ஒருவன், ஜபல்பூர் பக்கமிருந்து ரயிலேறி வந்தவன், தோள்பையோடு நேராக உள்ளே வந்தான். கேள்வியே இல்லாமல் அவனை இறக்கினார்கள். இறங்கியதும் நெஞ்சில் மஞ்சள் சாயம் வாங்கினான். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நானும் எழுந்தேன்.

குமரேசன், நாம் மேலே போயிருக்க வேண்டும் என்பதே இன்னமும் என் கட்சி. அந்த டீக்கடைக் கணக்கையும் நான் விடவில்லை. போய் வாருங்கள், மாப்பிள்ளை.