கதை சொன்னால் கோபிக்கும் ஊர்

இந்த ஜெர்மானிய ஊரில் திங்கட்கிழமை மதியம் கேன்டீனில் உட்கார்ந்தால், கரண்டியை எடுக்குமுன் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்: "பார்த்தாயிற்றா?" வெள்ளிக்கிழமை வந்த தொடரின் புதிய அத்தியாயத்தைத்தான். மேசையில் ஒரே ஒருவர் பார்க்கவில்லை என்றாலும் போதும், மற்றவர்கள் உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். பார்க்காதவருக்காக அனுஷ்டிக்கும் மௌனம். இழவு வீட்டில்கூட நாங்கள் இவ்வளவு கட்டுப்பாடாக இருந்ததில்லை.

வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. காலணிகளின் தரம் பார்க்கும் பிரிவில் என் பக்கத்து மேசைக்காரி ஹெல்கா, காய்ச்சலில் படுத்து அத்தியாயத்தைத் தவறவிட்டதாகக் கேன்டீனில் முகம் வாடிச் சொன்னாள். ஐயோ பாவம் என்று, கையிலிருந்த அரைகுறை ஜெர்மனையெல்லாம் திரட்டி முழுவதையும் சொன்னேன். பனிக்கடலோரத்தில் அண்ணனைத் தேடும் போலீஸ்காரியாக நடந்து காட்டினேன். செத்ததாக நம்பிய அண்ணன் கதவைத் திறந்து நிற்கும் இடத்தில் மேசையைத் தட்டினேன். ஹெல்கா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். கதை உருக்கிவிட்டது என்று நினைத்து அடுத்த மேசையைப் பார்த்தேன். "ஷ்பாய்லர்" என்றார் ஒருவர், தொற்றுநோயின் பெயரைச் சொல்வதுபோல.

எங்கள் ஆம்பூரில் பார்க்காதவன்தான் மாப்பிள்ளை. வாணியம்பாடியிலிருந்து ஷூ கம்பெனி வேனில் வரும்போது ஜன்னலோர இருக்கை அவனுக்கு; அவன் முகத்தைப் பார்த்துத்தான் அன்வர் கதை சொல்வான். அன்வர் அங்கே கட்டிங் பிரிவில் வேலை பார்க்கும் என் தோஸ்த். ஏற்கெனவே பார்த்தவர்களும் காதைக் கொடுப்பார்கள், அன்வர் சொன்னால் அழுகை ஜாஸ்தி என்பதால். நான் இங்கே வந்தபின் ஞாயிறுதோறும் போனில் சொன்னான். இதே தொடர் தமிழ்க்குரல் சேர்த்து அங்கேயும் உடனே வந்துவிடுகிறதே. வேலை, பிள்ளைகள், சர்க்கரை எல்லாம் எங்களுக்கு ஒரு வரியில் முடிந்துபோகும். அந்தத் தொடர் மட்டும்தான் எங்களை இன்னும் பேசவைத்துக்கொண்டிருந்தது.

பருவம் பருவமாகத் தொடர் நீண்டது. நானும் திருந்தினேன், புதிதாக ஞானஸ்நானம் பெற்றவனின் வெறியோடு. போன மாதம் ஒரு ஞாயிறு அன்வர் ஆரம்பித்தான்.

"தாஸு, அந்த லைட்ஹவுஸ் கெழவன் இன்னா பண்ணான் தெரியுமா?"

"டேய், சொல்லாத! நான் இன்னும் பாக்கல!"

"பாக்கலன்னுதானேடா சொல்றேன்?"

"ஸ்பாய்லர்டா அது."

"அப்டின்னா இன்னா?"

பார்க்காதவனிடம் கதையை முன்கூட்டியே சொல்லிக் கெடுப்பது என்று விளக்கினேன். தனிமனித உரிமை வரைக்கும் போனேன். பொறுமையாகக் கேட்டான்.

"சரிங்க சார். நீங்களே பாத்துக்குங்க. நமக்கு இன்னாத்துக்கு பேஜார்."

அந்த 'சார்' இங்கத்து ஜனவரியைவிடக் குளிர்ந்தது. அடுத்த ஞாயிறு அழைப்பில்லை. நானாகக் கூப்பிட்டால், "வேன்ல கீறேன், அப்பறம் வர்றேன்" என்று வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஏது வேன்? உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசவும் எனக்கு ஆளில்லாமல் போயிற்று.

இந்த ஞாயிறு, பார்த்து முடித்த அத்தியாயத்தை மறுபடி ஓடவிட்டுச் சத்தத்தை அணைத்தேன். போன் போட்டேன்.

"அன்வர், டிவி ரிப்பேர்டா. கெழவன் கதி இன்னாச்சு? சொல்லித் தொலை, மண்ட காயுது."

"உனுக்குத்தான் அந்த வியாதி கீதே?"

"இர்க்கட்டும்டா. சொல்லு."

"நடுவுல வாயத் தொறந்த, கட் பண்ணிடுவேன்."

தொண்டையைக் கனைத்தான். திரையில் கிழவன் பனியில் மண்டியிட்டான். வசனமே இல்லாத காட்சி அது. அன்வரின் கதையில் அவன், "அம்மாடி, என்னெ மன்னிச்சிடும்மா" என்று தலையிலடித்துக்கொண்டு கதறினான். திரையில் போலீஸ்காரி திரும்பியும் பாராமல் படகில் ஏறினாள். காதில் அவள் ஓடிவந்து கிழவனைத் தூக்கி நிறுத்தினாள்.

"இன்னாடா, அழறியா?" என்றான் அன்வர்.

"கத அப்டிடா."

"அப்டிக் கேளு," என்று தொடர்ந்தான். படகு கரையை விட்டு வெகுதூரம் போயிருந்தது. காதில் அவளோ இன்னும் கரையில் நின்று, முந்தானையால் கிழவனின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.