வைத்தவளுக்குக் கேட்காத பாட்டு

கழுத்தில் இருந்த தைராய்டு கட்டியை எடுத்துவிட வேண்டும் என்று மதுரை டாக்டர் சொன்னபோது நான் முதலில் கேட்டது, "அதுக்கப்புறம் பாட முடியுமா டாக்டர்?" என்றுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கட்டி நல்லதா கெட்டதா என்று தெரியாமல் அந்த மனிதருக்குச் சில நாளாகச் சோறே இறங்கவில்லை. இவளுக்குப் பாட்டுக் கவலை.

டாக்டர் பொறுமைசாலி. குரலுக்குப் போகிற நரம்பு கட்டியை ஒட்டியே போகிறது, பார்த்துத்தான் எடுப்போம், பேச்சு வந்துவிடும், உச்சத்தில் பாடுவது மட்டும் இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். என்னிடம் இருந்ததே அந்த உச்சம் ஒன்றுதான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எண்பதுகளின் நடுவில் ராமநாதபுரத்தில் ஆசிரியர் பயிற்சி படித்தேன். விடுதியில் ஒரே அறையில் மூன்று பேர். ஒருத்தி அபிராமத்துக்காரி, மிளகாய்க் காடு வைத்திருந்த வீட்டுப் பெண். இன்னொருத்தி பெரியபட்டினத்துக்காரி, அவள் அத்தா அங்கே கடை வைத்திருந்தார். நான் பாம்பன்காரி. எங்கள் அய்யா கடலுக்குப் போகிறவர். ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் அன்றைக்கும் கூப்பிட்டுக்கொண்டோம், இன்றைக்கும் அப்படித்தான்.

விடுதிக்கு எதிரே ஒரு டீக்கடை. அந்தக் கடைக்காரர் புதுக் கேசட் வந்த அன்றே வாங்கிவிடுவார். அதுவரை கேட்டிராத சத்தமெல்லாம் பாட்டுக்குள் வர ஆரம்பித்திருந்த காலம் அது. தபேலா இருந்த இடத்தில் மெஷின் டிரம்ஸ் டுப்பு டுப்பு என்று அடிக்கும். கீபோர்டு விண்வெளியில் இருந்து வருகிற மாதிரி ஊளையிடும். பாடம் நடத்தும் லெக்சரர்கள் அதை நாராசம் என்றார்கள். எங்களுக்கோ அதைக் கேட்டால் கால் தரையில் நிற்காது. மொட்டை மாடியில்தான் நன்றாகக் கேட்கும் என்பதால் வாளியைத் தூக்கிக்கொண்டு துணி துவைக்கப் போவோம். துவைத்த துணியையே மறுபடி துவைப்போம். எங்கள் தாவணிகள் சாயம் போனதற்கு அந்தக் கடைக்காரர்தான் பொறுப்பு.

அதில் ஒரு பாட்டு. ஆரம்பத்தில் வார்த்தையே கிடையாது, வெறும் ஹம்மிங். ஒரு பெண் குரல் படிப்படியாக ஏறி, இதற்கு மேல் இடமில்லை என்கிற இடத்தில் ஒரு வளைவு வளைந்து இறங்கும். இறங்கியதும் டிரம்ஸ் பிடித்துக்கொள்ளும். விடுதியிலேயே அந்த உச்சிக்கு ஏற முடிந்தவள் நான் ஒருத்திதான். அபிராமத்துக்காரிக்குப் பாட்டு சுத்தமாக வராது. அவள் வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டு ஆடு பதில் சொல்லும். ஆனால் அந்தப் பாட்டுக்கு அவளைப் போல உயிரை விட்டவர்கள் கிடையாது. "ஏறுடி, ஒரே ஒரு தடவை ஏறிட்டு வாடி" என்று என்னைத் தினமும் நச்சரிப்பாள். நானும் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு ஏறுவேன்.

மூன்று பேரும் மூன்று ஊரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றோம். இப்போது வாட்ஸ்அப்பில் 'மொட்டை மாடி' என்று ஒரு குரூப். காலையில் முறை வைத்து ஒருத்தி அந்தக் காலத்துப் பாட்டு ஒன்றைப் போட வேண்டும். மற்ற இருவரும் முழுதாகக் கேட்டுவிட்டு, எந்த இடம் பிடித்தது என்று சொல்ல வேண்டும். வெறும் கட்டை விரலைக் காட்டிவிட்டுத் தப்பிக்கக் கூடாது. அபிராமத்துக்காரி இதற்கும் ஒரு படி மேலே போய், என் பாட்டையே காலர் டியூனாக வைத்திருந்தாள். உரக்கடைக்காரர் கூப்பிட்டாலும் சரி, பேங்கில் இருந்து கூப்பிட்டாலும் சரி, அந்த ஹம்மிங்கைக் கேட்டுவிட்டுத்தான் அவளோடு பேச முடியும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எடுத்த கட்டியைப் பரிசோதித்து, கெட்டது ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட்டும் வந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரி கேண்டீனில் என் வீட்டுக்காரர் பரோட்டா சாப்பிட்ட வேகத்தைப் பார்த்துத்தான், இத்தனை நாளும் அவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று புரிந்தது. எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

குரல் மட்டும் திரும்பி வரவில்லை. பேச்சு கரகரவென்று வந்தது. போகப் போக அது தெளிந்தும்விட்டது. ஒருநாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் ஹம்மிங்கை எடுத்துப் பார்த்தேன். முதல் சில படிகள் ஏறின. அதற்கு மேல் சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி வெறும் காற்று. உட்கார்ந்து அழுதேன். உயிர் பிழைத்தவள் ஒரு ஹம்மிங்குக்காக அழலாமா என்று என்னையே திட்டிக்கொண்டும் அழுதேன். அதற்குப் பிறகு முயற்சி செய்யவே பயம். மாதா கோயில் பாடற்குழுவில் இருந்து விலகிப் பின் பெஞ்சில் உட்கார்ந்து வாயை மட்டும் அசைத்தேன்.

குரூப்பில் பாட்டு நிற்கவில்லை. தினமும் காலையில் டாணென்று வந்தது. அந்தக் காலத்துக் கேசட்டில் இருந்த எல்லாமும் வந்தது, யாருக்குமே பிடிக்காத சோகப் பாட்டு உட்பட. என் பாட்டு மட்டும் வரவில்லை. முதலில் தற்செயல் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் அபிராமத்துக்காரிக்குப் போன் போட்டால் சாதாரணமாக ட்ரிங் ட்ரிங் என்று அடிக்கிறது. காலர் டியூனையும் எடுத்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. குரல் போனவளுக்குப் பாட்டு எதற்கு என்று முடிவு கட்டிவிட்டார்களா? ஆற்றைக் கடக்கிற வரைதான் அண்ணன் தம்பி என்பது சரிதான் என்று நினைத்தேன். நானும் வீம்புக்கு, அவர்கள் போட்ட பாட்டுக்கெல்லாம் கட்டை விரலை மட்டும் காட்ட ஆரம்பித்தேன்.

அவர்கள் என்னை விடுகிற ஆட்கள் இல்லை. ஒருநாள் வாடகைக் கார் பிடித்து இரண்டு பேரும் பாம்பனுக்கு வந்து இறங்கினார்கள். ஒருத்தி கையில் ஒரு பை நிறைய குண்டு மிளகாய், இன்னொருத்தி கையில் தொதல் அல்வா. என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு அரிச்சல்முனைக் கடற்கரைக்கு விட்டார்கள். காற்று புடவையை இழுத்துக்கொண்டு போனது. மணலில் உட்கார்ந்ததும் பெரியபட்டினத்துக்காரி போனில் பாட்டைப் போட்டாள். ஒன்று முடிந்து ஒன்று. அப்போதும் என் பாட்டு வரவில்லை. பொறுத்துப் பார்த்தேன். பொறுமை என்னோடு கூடப் பிறந்ததில்லை.

"எல்லாத்தையும் போடுறீக. என் பாட்டு மட்டும் மறந்துபோச்சோ?"

அபிராமத்துக்காரி கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"அந்த ட்யூனையும் தூக்கிட்ட. எனக்குக் குரல் போயிருச்சுன்னா பாட்டு என்னடி பாவம் பண்ணுச்சு?"

பெரியபட்டினத்துக்காரிதான் வாயைத் திறந்தாள். "ஏடி, கிறுக்கி. நீ ஆபரேஷனுக்குப் போன அன்னைக்கு நான் துஆ செஞ்சேன். இவ என்ன செஞ்சா தெரியுமா? நீ வாய் தொறந்து அதப் பாடுற வரைக்கும் அந்தப் பாட்டக் கேக்க மாட்டேன்னு அவ குலசாமிக்கு நேந்துக்கிட்டா. என்னையும் போடக் கூடாதுன்னுட்டா. தன் போன்லயும் அது இருக்கக் கூடாதுன்னுதான் அந்த ட்யூனையும் எடுத்துட்டா. டிவியில வந்தாக்கூட எந்திரிச்சு வெளிய போயிருறாளாம்."

காரத்தை விடுகிறேன், காபியை விடுகிறேன் என்று வேண்டிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவளுக்கு உள்ளதிலேயே பிரியமானது அந்தப் பாட்டு. அதைக் கொண்டுபோய்ச் சாமியிடம் அடகு வைத்திருக்கிறாள். நானோ இங்கே உட்கார்ந்து அவளைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

"சொன்னா நீ கஷ்டப்பட்டுப் பாடுவேன்னுதான் சொல்லல" என்றாள் அபிராமத்துக்காரி, இன்னும் கடலைப் பார்த்தபடி. "வர்றப்ப வரட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவளுக்கு அவசரமில்லை, சரி. எனக்கு இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். முதல் படிகள் ஏறின. குளியலறையில் நின்றுபோன இடம் வந்தது. அங்கே வெறும் காற்றுதான் வந்தது. விட்டுவிடலாம் என்று நினைத்தபோது, காற்றுக்குள்ளே மெல்லிசாக ஒரு சத்தம் தட்டுப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டேன். உச்சியில் கிழிந்தது, வளைவில் இன்னொரு முறை கிழிந்தது. ஆனால் வளைந்தது. வளைந்து இறங்கியும் விட்டது.

கண்ணைத் திறந்தால் பெரியபட்டினத்துக்காரி முக்காட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அபிராமத்துக்காரி மணலைத் தட்டி டிரம்ஸ் போட்டுக்கொண்டிருந்தாள், தாளம் தப்பாக.

"நல்லாவே இல்லடி" என்றேன். "சாமி ஒத்துக்குமா?"

"சாமி என்ன ஆர்மோனியத்த வச்சுக்கிட்டா கேக்கப்போகுது? இது போதும்." அபிராமத்துக்காரி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

பெரியபட்டினத்துக்காரி உடனே போனில் அந்தப் பாட்டைத் தேடினாள். அபிராமத்துக்காரி பாய்ந்து அவள் கையைப் பிடித்துவிட்டாள். முதலில் சாமிக்குத் தேங்காய் உடைக்க வேண்டுமாம், அதன் பிறகுதான் கேட்பாளாம். பாம்பனுக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் காரில் பாட்டே இல்லை. மூன்று பேரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தோம். டிரைவர் பாவம்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு, தேங்காய் உடைத்தாயிற்றா என்று கேட்க அபிராமத்துக்காரிக்குப் போன் போட்டேன். ட்ரிங் என்று கேட்கவில்லை. அந்தப் பெண் குரல் கேட்டது. ஏற ஆரம்பித்தது.

காலர் டியூன் வைத்தவளுக்குக் கேட்காது, கூப்பிடுகிறவளுக்குத்தான் கேட்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக அவள் அதை யாருக்காக வைத்திருந்தாள் என்பதும்.

அவள் போனை எடுக்கவில்லை. அபிராமத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டு, என் பெயரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். நானும் கூடவே முனகிக்கொண்டு ஏறினேன், கிழிந்த இடத்தில் கிழிந்தபடியே. டிரம்ஸ் வந்து கொஞ்ச நேரத்தில் லைன் கட் ஆனது. மறுபடி போட்டேன். மறுபடியும் எடுக்கவில்லை, தங்கமான பிள்ளை.