டென்ஷனர் பிடித்துக்கொண்ட சிவப்புக் கார்

1. சோப்பு

கீச்சுகீச்சென்று கத்திக்கொண்டே வந்து என் ஷெட் வாசலில் நின்றது அந்தச் சிவப்புக் கார். காலை ஒன்பது மணி இருக்கும். எண்பதுகளின் கடைசி. மரக்காணத்தில் உப்பளத்து டீசல் பம்புகளுக்கு நான்தான் மெக்கானிக். லாரி, டிராக்டர் வந்தாலும் பார்ப்பேன். ஆனால் இரண்டே சீட்டு வைத்த, என் இடுப்பு உயரம்கூட வராத ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன்.

இறங்கியவர் கோட்டக்குப்பம் ஜாபர் பாய். குவைத்தில் வேலை. போன வருஷ லீவில் கப்பலில் கொண்டுவந்த வண்டி அது. பக்கத்தில் அவர் சம்சாரம் சுபேதா. மரக்காணத்தில் இருக்கிற பாயின் அக்காவிடம் சொல்லிக்கொண்டு, திண்டிவனம் வழியாக மெட்ராஸ் போவதாகத் திட்டம்.

"ஏம்பா ஏழுமலை, ராத்திரிக்கு ஃப்ளைட்டு. நாளையோட விசா முடியுது. இன்னைக்கு ஏறலைன்னா வேலை போச்சு. பன்னெண்டு மணிக்கெல்லாம் நான் கிளம்பியாகணும், இன்னா செய்வியோ தெரியாது."

பானெட்டைத் திறந்தேன். ஒரே ஒரு அகலமான பெல்ட். டைனமோ, வாட்டர் பம்ப், ஏசி எல்லாவற்றையும் அதுவே சுற்றிக்கொண்டு போகிறது. எனக்கு ஒரே ஆச்சரியம். சுபேதா குனிந்து பார்த்துவிட்டு, "ஏசி போட்டாத்தாங்க ஜாஸ்தியா கத்துது" என்றார். நல்ல கவனிப்பு. லோடு ஏறும்போது பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம்.

எங்கள் ஊர் வைத்தியம் எனக்குக் கைவந்த கலை. மஞ்சள் பார் சோப்பை எடுத்துப் பெல்ட்டின் உள்பக்கம் தேய்த்தேன். சத்தம் கப்பென்று நின்றது. ஜாபர் பாய் என் முதுகில் தட்டினார்.

"இவ்ளோதானா? நான் இன்னாவோன்னு பயந்துட்டேன்."

நானும் பெரிய ஆள் மாதிரி சிரித்து வைத்தேன். இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

2. சதுர ஓட்டை

பானெட்டை மூடப்போகும்போது பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். தொளதொளவென்று இருந்தது. டைட் வைக்கலாம் என்று அட்ஜஸ்ட் போல்ட்டைத் தேடினேன். எங்கேயும் இல்லை. பெல்ட்டுக்கு வெளியே ஒரு இரும்புக் கை, அதன் முனையில் ஒரு சின்ன சக்கரம். அந்தக் கையை ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. சரி, சக்கரத்தைத் தாங்குகிற பிராக்கெட் போலிருக்கிறது, கம்பெனிக்காரன் அப்படியே வார்த்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தக் கையில் ஒரு ஓட்டை இருந்தது. சதுர ஓட்டை. பிராக்கெட்டில் எவனாவது சதுரமாக ஓட்டை போடுவானா? என் சாக்கெட் செட்டின் ஹேண்டில் முனையை வைத்துப் பார்த்தேன். அரை இஞ்ச், அளவெடுத்தது போல உட்கார்ந்தது. ஹேண்டில் மாட்டித் திருப்புவதற்கென்றே போட்ட ஓட்டை அது. அப்படியானால் இந்தக் கை திரும்ப வேண்டிய கை. உள்ளே ஸ்பிரிங் வைத்து, பெல்ட்டைத் தானாகவே இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர். இங்கே அது ஜாம் ஆகிக் கிடக்கிறது.

"பாய், சத்தம் நின்னது சோப்பால. கோளாறு அப்படியேதான் இருக்குது" என்றேன்.

"மெட்ராஸ் வரைக்கும் போவுமா போவாதா, அதச் சொல்லு."

"சொல்ல முடியாது. பெல்ட்டு கழண்டா வாட்டர் பம்ப்பு நிக்கும். அஞ்சு கிலோமீட்டர்ல இன்ஜின் கொதிச்சிடும்."

"கழட்டினா திரும்ப மாட்டிடுவியா?"

இந்த மாதிரி சாமானை நான் பிரித்ததே கிடையாது. ஜாபர் பாய் சம்சாரத்தைப் பார்த்தார். "நடு ரோட்டுல நிக்கறதுக்கு இங்கயே நிக்கலாம். பாக்கட்டுங்க" என்றார் சுபேதா.

ஹேண்டிலில் ஒரு பைப்பைச் சொருகி இழுத்தேன். கடக்கென்று கை திரும்பியது. விட்டேன். திரும்பி வரவில்லை. பெல்ட் கழன்று கீழே தொங்கியது. ஓடிக்கொண்டிருந்த வண்டியை நானே நிறுத்திவிட்டேன்.

ஜாபர் பாய் முகம் சுண்டிப்போயிற்று. "யா அல்லா, வந்தப்போ கத்திக்கிட்டாவது ஓடிச்சேப்பா. இப்ப அதுவும் போச்சே" என்றார். மணி பத்தேகால்.

3. நல்ல தண்ணீர்

நடு போல்ட்டைக் கழற்றி டென்ஷனரை வெளியே எடுத்து மேஜைமேல் இருந்த வைஸில் இறுக்கினேன். மண்ணெண்ணெய் ஊற்றி ஆட்டினேன். முனகியதே தவிர இளகவில்லை. மறுபடி ஊற்றினேன். அரை மணி நேரம் அதிலேயே போயிற்று. அப்போதுதான் கை சேருமிடத்தில் ஒரு வெள்ளைப் படிவு கண்ணில் பட்டது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

உப்பளத்துக்குப் பக்கத்தில் உப்பு இருப்பது அதிசயமில்லை. ஆனால் வண்டி வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லையே?

"இத்தன நாளா வண்டி எங்க நின்னுச்சு?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக் கொட்டாயிலதாங்க" என்றார் சுபேதா. "தூசு படக்கூடாதுன்னு என் தம்பி வாரா வாரம் பானெட்டத் தொறந்து தண்ணி அடிச்சுக் கழுவிடுவான்."

"எந்தத் தண்ணிங்க?"

"கெணத்துத் தண்ணிதான்." சொல்லிவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, அது கரிக்குமே."

கடலோரக் கிணற்றுத் தண்ணீரை ஒரு வருஷம் வாரா வாரம் குடித்திருக்கிறது அந்த டென்ஷனர். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவ்வளவு பாசமாகக் கெடுத்து வைத்திருந்தான்.

பிறகு நான் யோசிக்கவே இல்லை. உப்பு எண்ணெயில் கரையாது. எங்கள் பம்புகளில் வால்வு பிடித்துக்கொண்டால் முதலில் நல்ல தண்ணீரைக் காய்ச்சி ஊற்றுவோம், எண்ணெய் கடைசியில்தான். வெளிநாட்டுக் கார் என்றதும் மலைத்துப்போய் எனக்குத் தெரிந்ததையே மறந்துவிட்டேன். எதிர் டீக்கடையில் கொதிக்கிற தண்ணீர் வாங்கி வந்தேன். ஊற்றுவதும் ஹேண்டிலைப் போட்டு ஆட்டுவதுமாக இருந்தேன். வெள்ளையும் துருவுமாகக் குழம்பு மாதிரி வழிந்தது. நாலாவது சொம்பில் கை கொஞ்சம் இளகியது. ஏழாவது சொம்பில், இழுத்து விட்டதும் தானாகவே திரும்பி வந்தது. வெயிலில் காயவைத்து, சொட்டுச் சொட்டாக இன்ஜின் ஆயில் விட்டு மாட்டினேன். பெல்ட்டில் இருந்த சோப்பையும் சுத்தமாகக் கழுவினேன், இல்லாவிட்டால் கோளாறு போனதா என்று எனக்கே தெரியாது.

ஏசியைப் போட்டு ஓட்டிப் பார்த்தோம். சத்தம் இல்லை. ஹேண்டிலை ஜாபர் பாய் கையில் கொடுத்து, இன்ஜினை அணைத்துவிட்டு அவரையே இழுத்து விடச் சொன்னேன். ஐந்து முறை செய்தார், ஐந்து முறையும் கை மெதுவாகத் திரும்பிப் பெல்ட்டை அழுத்தியது. பன்னிரண்டே காலுக்குக் கிளம்பினார்கள்.

4. பம்ப் கொட்டகை

மறுநாள் மத்தியானம், பஸ்ஸில் மெட்ராஸ் போயிருந்த அந்தத் தம்பியே அக்காவை ஏற்றிக்கொண்டு காரை ஓட்டித் திரும்பினான். சுபேதா ஜன்னலை இறக்கி, "ஏறிட்டாருங்க" என்று ஒரே வார்த்தை சொன்னார். அழுதிருந்தார் போல, முகம் வீங்கியிருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சாயங்காலம் வழக்கம்போல உப்பளத்துப் பம்ப் கொட்டகைக்குப் போனேன். இன்ஜினுக்கும் பம்புக்கும் நடுவில் சுவரோரமாக ஒரு இரும்புக் கை நீட்டிக்கொண்டிருக்கும், முனையில் ஒரு உருளையோடு. ஆறு வருஷமாக என் சட்டையை அதில்தான் மாட்டுவேன். அன்றைக்குச் சட்டையை மாட்டப்போனவன் அப்படியே நின்றுவிட்டேன். கீழே குனிந்து பார்த்தேன், அடியில் ஒரு பின் தெரிந்தது. வெந்நீர் வைத்து ஊற்றினேன். சுத்தியலால் ரெண்டு தட்டு. கை கீழே இறங்கி, உருளை நேராகப் பெல்ட் மேல் போய் உட்கார்ந்தது.

மாதா மாதம் அந்தப் பெல்ட் தொளதொளத்துப்போகும். மாதா மாதம் அதை வெட்டித் தைப்பேன். பெல்ட் விற்றவனை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். ஆறு வருஷம்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். அசையாத ஒன்றைப் பார்த்தால் அதன் பிறவியே அப்படித்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கையை வைத்து ஆட்டிப் பாருங்கள். முக்கியமாக, உங்கள் சட்டையை எதில் மாட்டியிருக்கிறீர்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.