சிங்க் அடைத்தது யார்?

குழாய் வேலை பார்க்கும் சகோதரர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: சிங்கில் தண்ணீர் நின்றால் அடைப்பு எங்கே என்று யாரும் கேட்பதில்லை, யார் அடைத்தது என்றுதான் கேட்பார்கள்.

வெள்ளை முடி

பதுளை டவுனில் ஒரு டீச்சர் வீடு. நான் உள்ளே போவதற்கு முன்பே விசாரணை முடிந்து தீர்ப்பும் வந்திருந்தது. அங்கே தங்கி வேலை செய்த செல்வி, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் வளர்ந்த பிள்ளை, சுவரோரம் நின்றாள். "தேயிலைச் சக்கையக் கொட்டி அடைச்சிட்டா. இந்த மாசத்தோட அனுப்பிடப் போறேன்" என்றார் டீச்சர். அந்த வேலையும் போனால் அம்மா கொழுந்து பறித்துக் கொண்டுவரும் கூலியை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

சிங்குக்குக் கீழே வளைவுக் குழாயைக் கழற்றி வாளியில் தட்டினேன். தேயிலை ஒரு துளிகூட இல்லை. வெள்ளை முடிதான் கொத்தாக விழுந்தது, ஷாம்பு வாசனையோடு. டீச்சர் கையில் இருந்த குட்டி நாயும் அதே வெள்ளை. செல்வி லீவில் போகிற ஞாயிறுகளில் அதைச் சிங்கில்தான் குளிப்பாட்டுவாராம், அவரே சொன்னார். வாளியை நீட்டிக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "நாய் முடி தன்பாட்டுல போயிருக்கும் தம்பி. லயத்து ஆளுகளுக்குத்தான் சிங்க் பாவிக்கத் தெரியாது."

மேலே இருந்து வந்த தண்ணீர்

பண்டாரவளையில் ஒரு கடை முதலாளி வீடு. குழாயைக் கழற்றிவிட்டு சிங்குக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். "டெப்பைத் திறக்காதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அப்படியும் மேலே யாரோ திறந்தார்கள். முகம், வாய், சட்டை எல்லாம் பழைய குழம்புத் தண்ணீர். எழுந்து பார்த்தால் முதலாளிதான். "தண்ணி போகுதான்னு பார்த்தேன். சட்டைய வெளியில போய்ப் பிழிங்க தம்பி, டைல்ஸ் இப்பதான் தொடச்சது."

புது வீடு

செல்வியை டீச்சர் சொன்னபடியே அனுப்பிவிட்டார். லயத்துக்குப் பின்னால் மண் சரியத் தொடங்கியதால் அவளுக்கும் அம்மாவுக்கும் மேட்டில் புது வீடு கிடைத்தது. வீட்டுக்குள் சிங்க்! பத்து நாளில் என்னைக் கூப்பிட்டாள்.

அடைப்பு எடுக்கக் குழாய்க்குள் கம்பி விட்டேன். ஒரு முழம் போய் முட்டிக்கொண்டது. வெளியே போய்ச் சுவரோரம் தோண்டினேன். சுவரைத் தாண்டிய குழாய் அங்கேயே மண்ணுக்குள் முடிந்திருந்தது. கழிவுத் தண்ணீர் போகக் குழியும் இல்லை, கானும் இல்லை. ஊற்றிய தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து அத்திவாரத்துக்குள் இறங்கி, சுவரில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. மண்சரிவுக்குப் பயந்து வந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த வீடு இது.

அந்த வீட்டுக் கட்டட வேலையை மேற்பார்த்த சூப்பவைசருக்கு ஃபோன் போட்டு, செல்விக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரித்தார். "சோத்தக் கொட்டி அடைச்சிருப்பாங்க. லயத்து ஆளுகளுக்கு சிங்க் பாவிக்கத் தெரியாதுங்க."

செல்வி சிரிக்கவில்லை. மலைத் தண்ணீர் விழும் பீலியில் கழுவிய சட்டிகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "முதல் நாள் ஊத்தின தண்ணியே சரியாப் போகலைங்கண்ணே, அதுல ஒரு கோப்பைகூட கழுவினதில்ல. அப்ப இதையும் நான்தான் அடைச்சேனா?"

இத்தனை வருஷத் தொழிலில் நான் கண்டது, தண்ணீர் எங்கே நின்றாலும் பழி மட்டும் ஓர் அடைப்பும் இல்லாமல் நேராக லயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.